நிலவறையில் கிடக்கும் சோலாரியத்தை என்ன செய்வது?

நோர்வேயில் 1970களிலோ 80களிலோ கட்டிய வீட்டை வாங்குகிறவர்களுக்கு, வீட்டோடு சேர்த்து நிலவறையில் ஏதாவது ஒன்று இலவசமாக வந்து சேரும். பழைய சாவுனா அறை, யாரோ விட்டுச்சென்ற பனிச்சறுக்குக் கட்டைகள், அல்லது சோலாரியம், அதாவது புற ஊதாக் கதிர் விளக்குகளால் தோலைக் கறுக்க வைக்கும் கட்டில். முதல் இரண்டைப் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை. மூன்றாவதைப் பற்றித்தான் தொலைபேசி வருகிறது.

நான் மின்பணியாளன். வட நோர்வேயின் ஃபின்மார்க்கில் மீன் ஆலையில் வேலை செய்துகொண்டே மொழி படித்து, பிறகு மின்தொழில் சான்றிதழ் பெற்றுத் தெற்கே வந்தவன். ஒஸ்லோவைச் சுற்றியுள்ள சோலாரியக் கூடங்களில் குழல் மாற்றுவதும் சோக் மாற்றுவதும் பல ஆண்டுகள் என் வேலையில் ஒரு பகுதி. நம்மவர்கள் சொந்த வீடு வாங்கத் தொடங்கிய பிறகு கேள்விகள் அவர்களிடமிருந்தும் வருகின்றன. அநேகமாக இப்படித்தான்: "தம்பி, பழைய வீட்டுக்காரர் ஒரு விளக்குக் கட்டிலை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். படுத்தால் விட்டமின் டி வரும் என்கிறார்களே, போட்டுப் பார்க்கட்டுமா?"

"பிளக்கைச் சொருகாதீர்கள் அக்கா, முதலில் குழலில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள்" என்பதுதான் என் பதில். மற்றதெல்லாம் அதன் பிறகு. என் கருத்தை மறைக்காமல் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான வீட்டுச் சோலாரியங்கள் போக வேண்டிய இடம் நகராட்சியின் கழிவு நிலையம். ஆனால் வீட்டில் யாராவது அதைப் பயன்படுத்தியே தீருவேன் என்று நின்றால், அறியாமல் படுப்பதைவிட அறிந்து படுப்பது மேல்.

உள்ளே இருப்பது என்ன

மூடியைக் கழற்றிப் பார்த்தால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். உள்ளே இருப்பவை நம் ஊர்ச் சமையலறையில் எரிந்த அதே வகைக் குழல்விளக்குகள்தாம். இரண்டு முனையிலும் இரண்டிரண்டு ஊசிகள், ஹோல்டர், ஒவ்வொரு குழலுக்கும் ஒரு சோக், ஒரு ஸ்டார்ட்டர். முழு உடலுக்கான கட்டிலில் குழல்கள் பெரும்பாலும் 1.76 மீட்டர் நீளம், 38 மில்லிமீட்டர் தடிப்பு, 100 வாட். முகத்துக்கு மட்டுமான சிறிய மேசைக் கருவியில் 15 வாட் குழல்கள் சில இருக்கும்.

வேலை செய்யும் முறையும் அதேதான். குழலுக்குள் சிறிது ஆர்கன் வாயுவும் ஒரு துளி பாதரசமும் இருக்கின்றன. ஸ்டார்ட்டர் மூடித் திறக்கும் கணத்தில் சோக் ஓர் உயர் அழுத்தத் தட்டைக் கொடுக்கிறது. மின்னோட்டம் வாயுவைத் துளைத்துக்கொண்டு ஓடத் தொடங்குகிறது. அதன்பின் ஓட்டம் கட்டுமீறாமல் பிடித்துவைத்திருப்பதும் சோக்தான். கிளர்ந்த பாதரச ஆவி முக்கியமாக 253.7 நானோமீட்டர் அலைநீளத்தில் புற ஊதாக் கதிரை உமிழ்கிறது. புற ஊதாவில் அலைநீளம் கூடியதை ஏ, நடுத்தரத்தை பி, குறுகியதை சி என்பார்கள். இது கிருமியைக் கொல்லும் வகை, புற ஊதா சி. கண்ணையும் தோலையும் எரிக்கும்.

வீட்டு விளக்குக்கும் சோலாரியக் குழலுக்கும் உள்ள வேறுபாடு இரண்டே இடத்தில்: உள்சுவரில் பூசிய ஒளிர்தூளிலும், கண்ணாடியிலும். வீட்டு விளக்கின் தூள் அந்தக் கதிரை விழுங்கி வெள்ளொளியாக மாற்றித் தருகிறது. சோலாரியத் தூள் அதை விழுங்கி, நீளம் கூடிய புற ஊதாக் கதிராக மாற்றித் தருகிறது. ஈயம் கலந்த பேரியம் சிலிக்கேட் என்றால் உச்சம் 350 நானோமீட்டர் அளவில். யூரோப்பியம் கலந்த ஸ்ட்ரான்ஷியம் போரேட் என்றால் 370ஐ ஒட்டி. புற ஊதா பி கொஞ்சம் வேண்டுமென்றால் அதற்குரிய தூளையும் சேர்ப்பார்கள். கண்ணாடி, இந்த நீண்ட கதிர்களை வெளியே விட்டு, குறுகிய சி கதிரைத் தடுக்கும் வகை.

ஆகவே ஒரு குழலின் குணம் முழுவதும் வெளியில் தெரியாத தூளிலும் கண்ணாடியிலும் இருக்கிறது. நீல நிற ஒளி ஒன்றையும் சொல்லாது. அது கதிரோடு ஒட்டிக்கொண்டு வரும் எச்சம், அவ்வளவுதான். கதிர் பாதியாகக் குறைந்த பழைய குழலும் அதே நீலத்தில் எரியும். மிகக் கடுமையான புதிய குழலும் அதே நீலத்தில் எரியும்.

ஒரு குழல் தூளே இல்லாமல் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால், அது கிருமிநாசினிக் குழல். அதே ஊசி, அதே நீளத்தில் அவை கிடைக்கின்றன. 2020இல் கொரோனா அச்சத்தில் இணையத்தில் ஏராளமாக விற்றார்கள். முகக் கருவியில் யாராவது அப்படியொன்றைப் பொருத்தி வைத்திருந்தால், எரிய விட்டு உட்கார்ந்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் அள்ளிப் போட்டதைப் போல எரியும். அந்த வலியோடு நள்ளிரவில் அவசர மருத்துவப் பிரிவுக்கு ஓட வேண்டியிருக்கும்.

வீட்டுக்குள் வேறு இரண்டு வகையும் அகப்படலாம். ஒன்று, உயரழுத்த உலோக ஹாலைடு விளக்கு. பெரும்பாலும் 400 வாட், கைவிரல் அளவுக் குவார்ட்ஸ் குமிழ், அதன் முன்னால் கருநீல வடிகட்டிக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில்தான் உயிர் இருக்கிறது. அதில் கீறலோ உடைவோ இருந்தால் குறுகிய கதிர் நேராக வெளியே வரும்; அந்தக் கருவியோடு பேச்சே வேண்டாம். மற்றொன்று, இன்னும் பழையது: 'உயர்மலைச் சூரியன்' என்று நோர்வேஜியர்கள் அழைத்த குவார்ட்ஸ் பாதரச விளக்கு. சூரியன் காணாத மாதங்களில் பிள்ளைகளைக் கறுப்புக் கண்ணாடி மாட்டி வட்டமாக நிற்க வைத்து இதைக் காட்டிய காலம் ஒன்று இருந்தது. எரிய விட்டால் ஓசோன் நெடி அடிக்கும். அலமாரியில் அழகாக இருக்கும். கம்பியை வெட்டிவிட்டு அங்கேயே வையுங்கள்.

தோலில் நடப்பது

புற ஊதா ஏ, தோலில் முன்பே இருக்கும் நிறமியை வேதிமாற்றத்தால் உடனே கறுக்க வைக்கும். படுத்து எழுந்தவுடன் கண்ணாடியில் தெரிகிற நிறம் இதுதான். பெரும்பாலும் சில மணி நேரத்தில் மங்கிவிடும். புற ஊதா பி தோல் உயிரணுக்களின் மரபுப்பொருளை நேரடியாகச் சேதப்படுத்துகிறது. அந்தச் சேதத்துக்கு எதிர்வினையாகத் தோல் புதிதாக நிறமி செய்யத் தொடங்குகிறது. அது வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். நிலைத்து நிற்கும் நிறம் என்பது சேதம் நடந்ததற்கான சான்று என்பதை விற்பனையாளர்கள் விளம்பரத்தில் எழுதுவதில்லை.

ஏ கதிர் எரிக்காது, ஆகவே அது பாதுகாப்பானது என்பது 1980களில் விற்பனைக்காகப் பரப்பிய பேச்சு. சிவக்க வைக்கும் ஆற்றலில் 298 நானோமீட்டரை ஒன்று என வைத்தால் 340 நானோமீட்டருக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்பது உண்மை. ஆனால் அது தோலில் ஆழமாக இறங்கி, தோலைத் தாங்கும் இழைகளைச் சிதைக்கிறது. எரிச்சல் என்ற எச்சரிக்கை மணி இல்லாததால் ஆள் நீண்ட நேரம் படுக்கிறார். உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் லியோன் நகரில் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் இந்தக் கருவிகளை, ஏ என்றும் பி என்றும் பிரிக்காமல், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதற்பிரிவில் வைத்தது. புகையிலையும் கல்நாரும் அதே பட்டியலில் இருக்கின்றன. அதே ஆண்டு பிரேசில் அழகுக்கான சோலாரியங்களையே தடைசெய்தது. நோர்வே அந்த அளவுக்குப் போகவில்லை. 2012 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களைக் கூடங்களுக்குள் விடக்கூடாது என்றது. வீட்டு நிலவறைக்கு வாசற்காவலர் கிடையாது. அந்த வேலையைப் பெற்றோர்தான் பார்க்க வேண்டும்: பிளக்கைப் பூட்டி வையுங்கள்.

எவ்வளவு வெயில் அது

ஐரோப்பியத் தரநிலைப்படி ஒரு சோலாரியம் தரக்கூடிய உச்சம், தோலைச் சிவக்க வைக்கும் ஆற்றலால் எடைபோட்ட கணக்கில், சதுர மீட்டருக்கு 0.3 வாட். இந்த எண் யாருக்கும் ஒன்றும் சொல்லாது. வானிலை அறிக்கையில் வரும் புற ஊதாக் குறியீட்டில் ஒன்று என்பது 0.025 வாட். ஆகவே 0.3 என்பது குறியீடு 12. ஒஸ்லோவில் ஜூன் மாத நண்பகலில் குறியீடு 5 அல்லது 6. யாழ்ப்பாணத்தில் சித்திரை மாதத்து உச்சிவெயில் 12ஐத் தொடும். நம் அம்மாமார் பிள்ளைகளை "வெயிலில் நிற்காதே" என்று உள்ளே இழுத்த அதே வெயில். இங்கே அதைக் கையெட்டும் தூரத்தில், மேலும் கீழும் இருபுறமும் வைத்திருக்கிறார்கள். அதுவும் சிவக்க வைக்கும் கணக்கில்தான் சமம்; ஏ கதிரை மட்டும் தனியாக அளந்தால் கட்டில் சூரியனைப் பல மடங்கு மிஞ்சும்.

நோர்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகள் மூன்றாம் வகைக் கருவிகளை மட்டும் ஏற்றன. அதில் ஏ பகுதியும் பி பகுதியும் தனித்தனியே 0.15 வாட்டைத் தாண்டக்கூடாது. கட்டிலின் பக்கவாட்டு ஒட்டுத்தாளில் மூன்றாம் வகை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டுத்தாளே இல்லையென்றால் கருவி அந்த விதிகளுக்கு முந்தையதாகவோ, எங்கிருந்தோ வண்டியில் கொண்டுவந்ததாகவோ இருக்கும். அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் வேறொரு தொல்லையும் உண்டு. 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய சோக், இங்குள்ள 50 ஹெர்ட்ஸில் கூடுதல் மின்னோட்டம் இழுத்துக் கொதிக்கும். மின்னழுத்தத்தை மாற்றும் பெட்டி அதைச் சரிசெய்யாது.

பிளக்கைச் சொருகும் முன்

முதலில் ஃபியூஸ் பெட்டிக்குப் போங்கள். 100 வாட் குழல் 20 இருந்தால் குழல்களே 2,000 வாட். சோக்குகளில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் 2,300ஐத் தாண்டும். 230 வோல்ட்டில் அது 10 ஆம்பியருக்குச் சற்று மேல். பழைய வீட்டின் நிலவறைச் சுற்று 10 ஆம்பியராக இருந்தால், அதே சுற்றில் சலவை இயந்திரமும் ஓடினால், ஃபியூஸ் விழுவதில் வியப்பில்லை. விழுகிறதே என்று பெரிய ஃபியூஸ் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சுவருக்குள் இருக்கும் கம்பி மாறாமல் ஃபியூஸை மட்டும் மாற்றினால் அடுத்து எரியப்போவது கம்பி. 16 ஆம்பியரில் தனிச் சுற்று வேண்டும், நிலக்கசிவு முறிப்பானும் வேண்டும். அதை இழுக்க உரிமம் பெற்ற நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும். இந்த நாட்டில் வீட்டுக்காரர் தானே சுவர்க்கம்பியில் கைவைக்கச் சட்டம் இடம்தராது.

இங்குள்ள பழைய வீடுகளைப் பற்றி நம்மவர்களுக்குத் தெரியாத ஒரு செய்தி: பெரும்பாலானவற்றில் நியூட்ரல் கம்பி கிடையாது. வரும் இரண்டு கம்பிகளிலும் மின்சாரம் உண்டு. ஒவ்வொன்றிலும் நிலத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 130 வோல்ட். ஊரில் ஃபேஸை மட்டும் துண்டித்தால் போதும் என்று பழகிய கை இங்கே ஏமாறும். ஆகவே கருவியின் மூடியைத் திறக்கும்போது சுவிட்சை நம்பாதீர்கள். பிளக்கை உருவி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். உள்ளே மின்தேக்கிகளும் இருக்கும். பிளக்கை எடுத்த பிறகும் அவை கொஞ்ச நேரம் மின்னூட்டத்தை வைத்திருக்கும்.

அடுத்தது தூசி. நிலவறைத் தூசியை விசிறி இழுத்து சோக்குகளின் மேல் கம்பளி போலப் படிய வைத்திருக்கும். சோக் சூடாகும் பொருள். அதன் மேல் தூசி கிடப்பதுதான் இந்தக் கருவிகளில் தீப்பிடிக்க முதல் வழி. மென்தூரிகை பொருத்திய தூசியுறிஞ்சியால் பொறுமையாக எடுங்கள். விசிறியைக் கையால் சுழற்றிப் பாருங்கள்; தடையின்றிச் சுழல வேண்டும். காப்பு நொறுங்கிய கம்பி, பழுப்பேறிய ஹோல்டர், எரிந்த பிளாஸ்டிக் நெடி இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அங்கேயே நிறுத்திவிடலாம்.

மேல்மூடி தூக்கி இறக்கும் வகை என்றால் அதைத் தாங்கும் வாயுத்தண்டுகளைச் சோதியுங்கள். பாதி உயரத்தில் விட்டால் மூடி நிற்க வேண்டும். மெல்ல இறங்கினால் தண்டின் ஆயுள் முடிந்தது. அத்தனை குழலும் சோக்கும் சேர்ந்த மூடி உங்கள் முகத்துக்கு நேர் மேலே தொங்குகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கும் அக்ரிலிக் பலகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். அது புற ஊதாவை விடும்படி தனியாகச் செய்த அக்ரிலிக். கடையில் கிடைக்கும் சாதாரண அக்ரிலிக்கில், பலகை மஞ்சளாகாமல் இருக்கவென்று புற ஊதாவை உறிஞ்சும் பொருளைக் கலந்திருப்பார்கள். அதை வெட்டிப் போட்டால் கட்டில் அழகாக நீலமாக எரியும், கதிர் வராது, பலகை மட்டும் சூடாகும். சரியான பலகையும் காலப்போக்கில் மங்கும், நுண்வெடிப்பு விடும். ஸ்பிரிட்டாலும் சாளரக் கண்ணாடி துடைக்கும் திரவத்தாலும் துடைத்தால் அந்த வெடிப்பு விரைவில் வரும். மிதமான சோப்பு நீரும் பருத்தித் துணியும் போதும். விளக்கொளியில் சாய்வாகப் பார்த்தால் சிலந்திவலை போலக் கோடுகள் தெரிந்தால், அதன் மேல் ஓர் ஆளின் எடையை ஏற்றக்கூடாது. கீழே கண்ணாடிக் குழல்கள்.

கடைசியில் டைமர். ஆள் இல்லாமல் கட்டிலை எரியவிட்டு, கைத்தொலைபேசிக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய சுழல் டைமர்கள் கடைசி ஓரிரு நிமிடத்தில் சிக்கிக்கொண்டு அணைக்காமல் நிற்கும். உள்ளே இருப்பவர் சூட்டிலும் விசிறி இரைச்சலிலும் தூங்கிப்போனால் அவரைக் காப்பாற்ற வேண்டியது அந்த டைமர் ஒன்றுதான். ஒரே ஒரு முறை சிக்கினாலும் மாற்ற வேண்டும்.

குழல் மாற்றுவது

ஐநூறு, அறுநூறு மணி நேரத்தில் குழலை மாற்றச் சொல்வார்கள். கூடங்களுக்கு அது சரி. வீட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 500 மணி என்பது 20 நிமிடப் படுக்கைகள் 1,500. ஒரு குடும்பத்தின் ஆயுளுக்கு அது போதும். ஆகவே நிலவறைக் கட்டிலில் குழல் தேய்ந்திருப்பதைவிடப் பலகையும் டைமரும் மின்தேக்கியும் கிழடாகியிருப்பதே வழக்கம். எரியாத குழலில் முதலில் ஸ்டார்ட்டரை மாற்றிப் பாருங்கள்; பாதிக்கு மேல் அதோடு சரியாகிவிடும். முனைகள் கன்னங்கரேல் என்றிருந்தால் குழலே போய்விட்டது.

வாங்கும் முன் பழைய குழலில் அச்சிட்ட குறியீட்டைப் படியுங்கள். எடுத்துக்காட்டாக 100-ஆர்-47/3.2 என்று ஆங்கில எழுத்தோடு இருக்கும். 100 என்பது வாட். ஆர் என்பது, குழலின் முதுகுப்புறத்தில் உள்ளே எதிரொளிப்பான் பூசிய வகை. எதிரொளிப்பான் இல்லாத குழலுக்கு ஓ என்று போடுவார்கள். 47 என்பது சிவக்க வைக்கும் ஆற்றலின் அளவு. 3.2 என்பது தோல் புற்றுநோய்க் கணக்கில், 320 நானோமீட்டருக்குக் கீழே உள்ள கதிருக்கும் மேலே உள்ள கதிருக்குமான விகிதம். எந்த எண்களுக்குள் குழல் வாங்கலாம் என்பது கட்டிலின் ஒட்டுத்தாளில் இருக்கும். விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் வரும் பி கதிர் விழுக்காட்டை நம்பி வாங்காதீர்கள். அது பங்கைச் சொல்கிறது, வலிமையைச் சொல்லவில்லை. விழுக்காடு குறைந்த வலிய குழல், விழுக்காடு கூடிய மெலிந்த குழலைவிட அதிகம் எரிக்கலாம்.

மாற்றும் வேலை எளிது. பிளக்கை எடுத்து, குழல் ஆறும்வரை காத்திருந்து, பலகையைத் தூக்கி வையுங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். குழலைக் கால்வட்டம் திருப்பி நேராக வெளியே இழுங்கள். எதிரொளிப்பான் உள்ள குழலைப் போடும்போது அச்சிட்ட எழுத்து எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்து அப்படியே வையுங்கள். புரட்டிப் போட்டால் கட்டில் தரைக்குக் கதிர் காட்டும். ஸ்டார்ட்டரையும் கூடவே மாற்றுங்கள். பாதி பழையது பாதி புதியது என்று கலக்காதீர்கள். உடம்பின் ஒரு பகுதி எரியும், ஒரு பகுதி வெளுத்திருக்கும்.

புதிய குழல்கள் போட்ட அன்று, நேற்றுவரை படுத்த நேரத்துக்குப் படுக்கக்கூடாது. தேய்ந்த குழலுக்குப் பழகிய 20 நிமிடம், புதிய குழலில் கொப்புளம். கருவியோடு வந்த நேர அட்டவணையின் முதல் நாள் நேரத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

குழல் உடைந்தால் பதற வேண்டாம், ஆனால் தூசியுறிஞ்சியை எடுக்காதீர்கள். அது பாதரசத்தை வீடு முழுதும் பரப்பும். சாளரத்தைத் திறந்து, அறையை விட்டு அரை மணி நேரம் வெளியே இருங்கள். பிறகு கையுறை போட்டு, தடித்த அட்டையால் அள்ளி, எஞ்சிய தூளை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் போடுங்கள்.

படுத்தே தீருவேன் என்பவருக்கு

முதல் முறை, நிறம் ஏறாத தோலுக்குச் சதுர மீட்டருக்கு 100 ஜூல் என்பது தரநிலையின் எல்லை. 0.3 வாட் கட்டிலில் அது ஐந்தரை நிமிடம். "இருபது நிமிடம் படுத்தால்தான் ஏதாவது தெரியும்" என்பது கூடத்துக்காரர்களின் பேச்சு. அடுத்த முறைக்கு முன் 48 மணி நேரம் விடுங்கள், ஏனென்றால் சிவப்பு முழுதாக வெளிப்பட ஒரு நாள் ஆகும். வெள்ளைத் தோல், செம்முடி, புள்ளி முகம், வெயிலில் எப்போதும் எரிந்து ஒருபோதும் கறுக்காதவர்: இவர்களுக்கு அட்டவணையே கிடையாது, படுக்கவே கூடாது. நம் வீட்டு மருமக்கள் சிலர் இந்த வகை என்பதால் சொல்கிறேன்.

கண்ணுக்குக் கருவியோடு வரும் கண்மூடிகளைப் போட வேண்டும். இமையை மூடுவது போதாது. ஏ கதிர் இமையைத் துளைக்கும். துண்டு போட்டுக்கொள்வதும் போதாது, அது நழுவும். வாசனைத் திரவியம், முகப்பூச்சு எல்லாவற்றையும் கழுவிவிட்டுப் படுங்கள்.

மருந்துப் பெட்டியையும் பாருங்கள். டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பி, இரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதையசைடு, முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் ஆகியவை தோலைக் கதிரால் எளிதில் எரிய வைக்கும். நம் சமூகத்தில் ஐம்பதைத் தாண்டியவர்களில் எத்தனை பேர் அழுத்த மாத்திரை போடுகிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நம்மவர் கேட்கும் மூன்று கேள்விகள்

விட்டமின் டி பற்றி. தோலில் அது உருவாவது புற ஊதா பி கதிரால். அதுவும் 315 நானோமீட்டருக்குக் கீழே. சோலாரியத்தின் பெரும்பங்கு ஏ. கறுத்த தோலில் நிறமி அந்தச் சிறு பங்கையும் வடிகட்டிவிடும். ஆகவே நமக்கு அது கிடைக்க நீண்ட நேரம் படுக்க வேண்டும். அந்த நேரத்தில் தேவையற்ற ஏ கதிர் குவியும். பலருக்கு அது கன்னத்தில் கருந்திட்டாக வெளிப்படும். வட நோர்வேயின் ட்ரோம்சோவில் நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் எழுவதே இல்லை. அங்கே வாழ்கிற மீனவர்கள் கண்ட வழி கொட்மீன் ஈரல் எண்ணெய்: பெயரில் 'ர்' ஒலி வரும் மாதங்களில், செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, நாளுக்கு 5 மில்லிலிட்டர். அதில் 10 மைக்ரோகிராம் விட்டமின் டி இருக்கிறது. நாற்றம் பிடிக்காதவர்களுக்கு மாத்திரை. இரத்தப் பரிசோதனை செய்து, குடும்ப மருத்துவர் சொல்லும் அளவை எடுங்கள்.

இருண்ட மாதங்களின் மனச்சோர்வு பற்றி. அதற்கு உதவும் விளக்கு வேறு. 10,000 லக்ஸ் வெள்ளொளி தரும் மேசைப் பலகை அது. புற ஊதாக் கதிர் இல்லாதது. அது கண்வழியாக மூளைக்கு வேலை செய்கிறது, ஆகவே கண்ணைத் திறந்துகொண்டு காலையில் அதன் முன் உட்கார வேண்டும். சோலாரியத்தில் கண்ணை மூடித்தானே படுக்கிறீர்கள்?

வெண்புள்ளிக்கும் சொரியாசிசுக்கும் கதிர்ச் சிகிச்சை உண்டே என்பது மூன்றாவது கேள்வி. மற்ற இரண்டையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது இதுதான். சிகிச்சை உண்மை. ஆனால் அதில் பயன்படுவது 311 நானோமீட்டரை ஒட்டிய மிகக் குறுகிய பட்டை மட்டுமே உமிழும் குழல். சோலாரியக் குழல் அதைச் செய்யாது. சுற்றியுள்ள தோலைக் கறுக்க வைத்து வெண்புள்ளியை இன்னும் எடுப்பாகக் காட்டும். விபரமறிந்த சிலர் அடுத்த படிக்குப் போகிறார்கள்: அந்த மருத்துவக் குழலும் 100 வாட், 1.76 மீட்டர் அளவில் கிடைப்பதால், வாங்கி நிலவறைக் கட்டிலில் பூட்டப் பார்க்கிறார்கள். ஹோல்டரில் உட்காரும், எரியவும் செய்யும். ஆனால் மருத்துவமனையில் அந்தக் குழலுக்கு நேரத்தை விநாடிக் கணக்கில் தொடங்கி, கதிரை அளந்து, தோலின் எதிர்வினை பார்த்துச் சிறிது சிறிதாக ஏற்றுகிறார்கள். உங்கள் கட்டிலின் டைமரில் மிகச் சிறிய கோடே ஒரு நிமிடம். வீட்டிலேயே சிகிச்சை எடுக்க வேண்டுமென்றால் தோல் மருத்துவர் வழியாக அதற்கென்றே செய்த கருவிகள் இருக்கின்றன, அவரிடம் கேளுங்கள்.

நிறம்தான் வேண்டும் என்கிற நோர்வேஜிய உறவுகளுக்குப் பூச்சுக் களிம்பு இருக்கிறது. டைஹைட்ராக்சிஅசிட்டோன் என்ற சர்க்கரைவகைப் பொருள், தோலின் இறந்த மேலடுக்கில் உள்ள அமினோ அமிலங்களோடு சேர்ந்து பழுப்பாகிறது. ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். வெயிலிலிருந்து அது காப்பாற்றாது என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

அகற்றுவது

பிளக்கை உருவி, கம்பியைக் கருவியின் ஓரத்தில் வெட்டிவிடுங்கள். கழிவு நிலையத்தில் யாரும் ஆசைப்பட்டு எடுத்துப் போய்ச் சொருகாமல் இருக்க அதுவே வழி. குழல்களை முதலில் கழற்றி, வந்த அட்டை உறைகள் இருந்தால் அவற்றில், இல்லையென்றால் பழைய போர்வையில் சுற்றித் தனியாகக் கொண்டுபோங்கள். மின்கழிவுப் பகுதியில் குழல்களுக்கென்று தனிப் பெட்டி இருக்கும். கட்டிலையும் அங்கேயே வாங்கிக்கொள்வார்கள். இந்த வகைப் பொருள் விற்கும் கடைகளும் பழையதை இலவசமாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது இங்குள்ள விதி.

சோக்கில் செம்பு இருக்கிறது, கழற்றி விற்கலாம் என்று சிலர் உட்கார்ந்துவிடுவார்கள். 1980க்கு முன் செய்த கருவியென்றால் அதைத் தொடாதீர்கள். நோர்வேயில் பிசிபி என்ற நச்செண்ணெயின் புதிய பயன்பாட்டுக்குத் தடை வந்தது 1980இல்தான். அதற்கு முந்தைய குழல்விளக்கு மின்தேக்கிகளில் அது இருக்கலாம். உப்பியோ கசிந்தோ இருக்கும் மின்தேக்கியைத் திறக்காமல், துடைக்காமல், கருவியோடு சேர்த்து ஒப்படைத்து, வாங்குகிறவரிடம் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.